‘த’ வரை கிடைத்துவிட்டது

பாளையங்கோட்டை,
ஞாயிறு இரவு.

அன்பு நண்பா,

இங்கு நலம். நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தீபாவளிக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்கான வசவுகளை நேரில் வரும்போது வாங்கிக்கொள்கிறேன். இப்போது உடனே சொல்லியாக வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. ஐயா தொகுத்த வட்டாரச் சொல்லகராதியை, 2003இல் நாம் பக்கம் கட்டிய அதே எழுத்துருவில், அதே இரண்டு பத்திகளில், நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு என் மடிக்கணினித் திரையில் பார்த்தேன். தலைப்புக்குக் கீழே நீ பிடிவாதமாகப் போட்ட அந்தத் தடித்த கோடும் அப்படியே இருக்கிறது. பைண்டிங் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு உன்னை என்ன சொல்லி அழைத்தார் என்பது நினைவுக்கு வந்து, வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மாசி மாதம் ஐயாவின் மகன் அழைத்து, மாடி அறையைக் காலி செய்வதாகவும் பழைய கணினியை எடைக்குப் போடப் போவதாகவும் சொன்னார். அன்று மாலையே போய்த் தூக்கிவந்துவிட்டேன். மின்சாரம் கொடுத்தால் விசிறி மட்டும் சுற்றியது, மதர்போர்டு போய்விட்டிருந்தது. ஆனால் உள்ளே இருந்த 40 ஜிபி ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஇ என்ற அந்தக் காலத்து இணைப்பை யூஎஸ்பியாக மாற்றும் கேபிளின் வழியாக, உபுண்டு இயங்குதளம் ஓடும் என் மடிக்கணினியில் இணைத்தபோது அது முனகிக்கொண்டே சுழலத் தொடங்கியது. நான் எந்தக் கோப்பையும் திறக்கவில்லை. முதலில் டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாகப் படியெடுத்தேன். இந்த வரிசையை நீயும் மறக்காதே. ஓய்ந்துகொண்டிருக்கும் டிஸ்க்கில் கோப்பு கோப்பாகத் தேடிக்கொண்டிருந்தால், தேடுகிற நேரத்திலேயே அது நின்றுவிடக்கூடும்.

கோப்புகள் எல்லாம் இருந்தன, படிக்கத்தான் முடியவில்லை. நாம் பக்கம் கட்டிய பேஜ்மேக்கர் மென்பொருள் 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோனது உனக்குத் தெரியும். அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனும் சிஎஸ்6 பதிப்பு வரைதான் அந்தக் கோப்புகளைத் திறந்தது. வேறொரு மென்பொருளைக் கொண்டு வெறும் உரையை மட்டும் வெளியே எடுத்துப் பார்த்தேன். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் நம் பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தானே சேமிக்கப்பட்டிருக்கும்? அதை, இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றினேன். தமிழ்ச் சொற்கள் சரியாக வந்தன. ஆனால் ஒவ்வொரு செடியின் பெயருக்குப் பக்கத்திலும் ஐயா ஆங்கில எழுத்தில் தந்திருந்த தாவரவியல் பெயர்களும் தமிழ் எழுத்துகளாக மாறி, தும்பைக்கும் கரிசலாங்கண்ணிக்கும் எதிரே பொருளற்ற எழுத்துக் குவியல்கள் நின்றன. எந்தச் சொல் பாமினியில் இருந்தது, எந்தச் சொல் ஆங்கில எழுத்துருவில் இருந்தது என்ற விவரம் வெறும் உரையில் இல்லை. அது பேஜ்மேக்கருக்கு மட்டுமே தெரியும். அந்தப் பெயர்களைச் சரிபார்க்க ஐயா அந்த வெயிலில் கல்லூரித் தாவரவியல் துறைக்கு எத்தனை முறை நடந்தார் என்பதை நீயும் நானும் பார்த்திருக்கிறோம். அவற்றை ஊகித்துத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே கோப்பை மட்டும் மீட்டால் போதாது, அது வாழ்ந்த கணினியையே மீட்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். அதற்குத்தான் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள். வெளியே உபுண்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் ஒரு ஜன்னலுக்குள் விண்டோஸ் எக்ஸ்பி தன்னைத் தனிக் கணினி என்று நம்பிக்கொண்டு ஓடும். இது எப்படி முடியும் என்று நீ கட்டாயம் கேட்பாய். நாம் மூவரும் குடியிருந்த அந்த ஒண்டுக்குடித்தனத்தை நினைத்துக்கொள். சமைப்பது, படிப்பது, உறங்குவது எல்லாவற்றையும் அவரவர் அறையில் யாரையும் கேட்காமல் செய்தோம். தண்ணீர்த் தொட்டியின் வால்வைத் தொட வேண்டுமானால் மட்டும் வீட்டுக்காரம்மாவிடம் போக வேண்டும். உள்ளே ஓடும் எக்ஸ்பியும் அப்படித்தான். அதன் கட்டளைகளில் பெரும்பாலானவை நேரடியாகவே பிராசஸரில் ஓடுகின்றன. அதனால்தான் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. டிஸ்க்கையோ நினைவகத்தின் பொதுக் கணக்கையோ தொடுகிற கட்டளை வரும்போது மட்டும் பிராசஸர் அதை நிறுத்தி, விர்ச்சுவல்பாக்ஸின் கையில் கொடுக்கிறது. எக்ஸ்பி பார்க்கும் ஹார்டு டிஸ்க், உண்மையில் என் கணினியில் இருக்கும் ஒரு கோப்புதான்.

இந்த யோசனைக்குக் குறைந்தது நம் வயது. ஐபிஎம் நிறுவனம் தன் பெரிய கணினிகளுக்கான விஎம்/370 என்ற அமைப்பை அறிவித்தது நாம் பிறந்த 1972இல். ஆனால் நம் மேசைகளில் இருந்த இன்டெல் வகைக் கணினிகளில் நெடுங்காலம் இது எளிதாக இல்லை. வீட்டுக்காரம்மாவைக் கேட்காமல் வால்வைத் தொடுவதுபோல, சில கட்டளைகளை உரிமையற்ற நிலையில் கொடுத்தால் அவை தடுக்கப்பட வேண்டும், மேலே இருப்பவருக்குச் செய்தி போக வேண்டும்; அந்த பிராசஸர்களிலோ அவை நிறைவேறாமலும், நிறைவேறவில்லை என்று சொல்லாமலும் அமைதியாகக் கடந்துவிடும். பென்டியத்தில் இப்படிப்பட்ட 17 கட்டளைகளை ஆய்வாளர்கள் 2000இல் பட்டியலிட்டார்கள். விஎம்வேர் நிறுவனம் 1999இலேயே, உள்ளே ஓடும் இயங்குதளத்தின் கட்டளைகளை முன்கூட்டியே படித்து, சிக்கலானவற்றை ஓடும்போதே மாற்றி எழுதும் வழியைக் கண்டிருந்தது. 2005, 2006 ஆண்டுகளில் இன்டெல்லும் ஏஎம்டியும் இதற்கான வசதியை பிராசஸரிலேயே வைத்துவிட்டார்கள். நாம் பேஜ்மேக்கர் தொங்கிவிட்டதென்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இவ்வளவும் நடந்திருக்கிறது என்பதை எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே மலைப்பாக இருக்கிறது.

முதல் முயற்சி வெற்றி பெறவில்லை. ஐயாவின் கணினியில் இருந்தது விண்டோஸ் 98. படியெடுத்த டிஸ்க்கை அப்படியே விர்ச்சுவல்பாக்ஸ் வடிவுக்கு மாற்றி ஓட்டினேன். மேகம் மிதக்கும் அந்தத் தொடக்கத் திரை வந்தபோது கண் கலங்கிவிட்டது. ஆனால் திரை முதலியவை சரியாக இயங்க விர்ச்சுவல்பாக்ஸ் தரும் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை நிரல்கள் 98க்குக் கிடையாது என்பதால் திரை 640க்கு 480 அளவில், 16 வண்ணங்களோடு நின்றுவிட்டது. அதில் பக்கம் பார்க்க முடியாது. பிறகு புதிதாக எக்ஸ்பி போட முனைந்தேன். வேகமாக இருக்கும் என்று எண்ணி டிஸ்க்குக்கு, ஐடிஇக்குப் பின் வந்த சாட்டா வகை இணைப்பைத் தேர்ந்திருந்தேன். ஹார்டு டிஸ்க்கே இல்லை என்று எக்ஸ்பி மறுத்துவிட்டது. சாட்டாவுக்கான டிரைவர் அந்தச் சிடியில் இல்லை என்பது பிடிபட இரண்டு இரவுகள் ஆயின. ஐடிஇ என்று மாற்றியதும் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. நினைவகம் 512 எம்பி போதும். இணையத்தை முற்றிலும் துண்டித்துவிட்டேன். எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நின்றுவிட்டன அல்லவா?

எல்லாம் நிறுவிய நிலையில் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது எக்ஸ்பியின் அப்போதைய நிலையின் பதிவு, எடுத்துவைத்தேன். இதன் அருமை மறுநாளே தெரிந்தது. பழைய டிஸ்க்கில் அந்தக் காலத்து வைரஸ் ஒன்றும் உடன் வந்திருந்தது. ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினேன், ஒரு நிமிடத்தில் எக்ஸ்பி முந்தின நாளின் நிலைக்கு வந்துவிட்டது. அதன்பின் பழைய கோப்புகளை, படிக்க மட்டும் அனுமதித்த பகிர்வுக் கோப்புறையின் வழியாகவே உள்ளே காட்டினேன்.

பேஜ்மேக்கரில் கோப்பைத் திறந்ததும், எழுத்துரு இல்லை, வேறொன்றைப் போடட்டுமா என்று கேட்கும் அந்தப் பட்டியல் வந்தது. வேண்டாம் என்று மூடிவிட்டு, 98இன் எழுத்துருக் கோப்புறையை முழுவதுமாக எடுத்துப் போட்ட பிறகு மீண்டும் திறந்தேன். நண்பா, அப்போதுதான் அந்தப் பக்கம் வந்தது. அங்கிருந்து, எழுத்துரு விவரத்தையும் சேர்த்து வைக்கும் ஆர்டிஎஃப் என்ற கோப்பு வடிவில் ஏற்றுமதி செய்தால் ஒவ்வொரு சொல்லோடும் அதன் எழுத்துருவின் பெயரும் சேர்ந்து வருகிறது. என் மகள் எழுதிக்கொடுத்த சிறிய பைத்தான் நிரல், பாமினியில் இருப்பதை மட்டும் யூனிகோடாக்கி, மற்றதைத் தொடாமல் விடுகிறது. தும்பைக்கு எதிரே லியூகஸ் ஆஸ்பெரா என்ற அதன் தாவரவியல் பெயர் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது.

இந்த எக்ஸ்பி கணினி முழுவதையும் ஒரே கோப்பாக்கி, பென் டிரைவில் உனக்குக் கூரியரில் அனுப்புகிறேன். உன் மகன் வாங்கித் தந்த புதிய மேக்கில் அதைப் போட்டுப் பார்க்காதே. 2020க்குப் பிறகு வந்த அந்த மேக்குகளின் பிராசஸர் வேறு வகை. இன்டெல்லுக்காக எழுதிய எக்ஸ்பியின் கட்டளைகள் அதற்கு நேரடியாகப் புரியாது. க்யூஈமு போன்ற எமுலேட்டரைக் கொண்டு ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்து ஓட்டலாம். ஓடும், ஆனால் மெதுவாக. அலுவலகத்தில் இருக்கும் இன்டெல் கணினியிலேயே போடு. கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையில் விர்ச்சுவலைசேஷன் என்ற வசதி அணைந்திருந்தால் முதலில் அதை இயக்கு.

இனி நான் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். டிஸ்க்கில் கிடைத்தது முதல் பாகம் மட்டும், அ முதல் த வரை. கடைசிப் பதிவு ‘தோண்டி’. ந முதல் வ வரை உள்ள இரண்டாம் பாகம் உன் கணினியில்தான் தட்டச்சாயிற்று. 2004இல் நடந்த எதையும் நான் இங்கே எடுக்கவில்லை. அதைப் பற்றி ஐயாவே பிறகு பேசவில்லை. ஆனால் நீ கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்த அன்று, தங்க நிறச் சிடி ஒன்றில் ‘ந முதல்’ என்று தன் கையால் எழுதி உன் பெட்டியில் அவர் வைத்ததை நான் பார்த்தேன். நாமே எழுதிய சிடிகளில் செய்தி ஒரு மெல்லிய சாயப் படலத்தில் இருக்கிறது. வெப்பத்திலும் ஈரத்திலும் அது வெளுத்துக்கொண்டே போகும். உன் வீட்டுப் பரணில் 20 கோடைகள் அது கிடந்திருக்கிறது. நாற்று, பரம்பு, மடை, வரப்பு என்று அம்பாசமுத்திரம் வயல்களில் அவர் கேட்டு எழுதிய சொற்கள் எல்லாம் அதில்தான் உள்ளன. கையெழுத்துப் படியை 2015 மழையில் கரையான் தின்றுவிட்டது.

இந்த வாரமே பரணில் ஏறித் தேடு. கிடைத்தால் டிரைவில் போட்டு எந்தக் கோப்பையும் திறந்து பார்க்காதே. முதலில் முழுச் சிடியையும் ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாகப் படியெடு. ஏதேனும் ஓரிடத்தில் படிக்க முடியாமல் நின்றால் மேலும் முயலாமல் சிடியை அப்படியே எனக்கு அனுப்பு. வேறு இரண்டு டிரைவ்களில் போட்டுப் பார்க்கிறேன். கிடைக்காவிட்டாலும் உடனே எழுது. ஐயாவின் மகனிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்