செவ்வாய்க்கிழமை வந்த படம்

நாச்சியார்கோவில்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை. மேட்டூர் திறந்த தண்ணீர் நம் வாய்க்கால் வரைக்கும் வந்துவிட்டது. பெரியப்பா வீட்டு வரப்பு விஷயம் அப்படியேதான் கிடக்கிறது, அதை விடு. பணம் வந்தது. இந்தத் தடவை மருமகள் கணக்கிலிருந்து வந்ததாகப் பாஸ்புக்கில் பதிந்திருக்கிறது. சரி, எந்தக் கணக்காக இருந்தால் என்ன.

போனிலேயே பேசலாம். பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். அதனால்தான் கடுதாசி.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். விக்டோரியா ராணி ரூபாய், உன் விரல்களுக்கு நடுவில். பின்னால் தரையில் நீலத் தார்ப்பாய், அதன்மேல் பழைய பூட்டு, ஓடாத கைக்கடிகாரங்கள். “அப்பா, இது ஒரிஜினலா? ஐம்பது வச்சிருக்கான், மொத்தமா எடுத்தா குறைச்சுத் தருவான்” என்று கேட்டிருந்தாய். எதற்கு ஐம்பது என்று நான் கேட்டேன். கோடு இரண்டும் நீலமாயிற்று, பதில் இல்லை. இன்றோடு ஐந்து நாள். செவ்வாய்க்கிழமை என்ன விசேஷம் என்று காலண்டரைப் பார்த்தேன், ஒன்றும் போடவில்லை. கம்பெனியில் லீவு விட்டிருப்பார்கள்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பது வாங்காதே. ஆசை தீர வேண்டுமென்றால் ஒன்று வாங்கு. படத்தை வைத்துக் காசைச் சொல்ல நான் ஜோசியக்காரன் இல்லை. காசைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும், எடை போட வேண்டும்.

முதலில் கணக்கு. அந்த ரூபாய் 11.66 கிராம், பழைய ஆட்கள் ஒரு தோலா என்பார்கள். அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. அப்படியென்றால் ஒரு காசில் பத்தே முக்கால் கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுத்த வெள்ளி இருக்கிறது. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பார். தார்ப்பாய்க்காரன் அதற்கும் கீழே கொடுக்கிறான் என்றால், வெள்ளி வாங்குகிற கடை எங்கே இருக்கிறது என்று அவனுக்கா தெரியாது? இந்த ஒரு கணக்கே போதும். நீ இன்ஜினியரிங் படித்தவன். நம் தெருவில் அந்தப் படிப்புக்கு முதலில் போனவன் நீதான், இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சந்தையில் நிற்கும்போது படிப்பு உதவாது, ஆசைதான் முன்னால் நிற்கும்.

காந்தம் வைத்துக் காட்டுவான், காசு ஒட்டாது. ஒட்டாததால் வெள்ளி ஆகிவிடுமா? பித்தளை ஒட்டாது, செம்பு ஒட்டாது, ஈயம் ஒட்டாது. ஜெர்மன் வெள்ளியும் ஒட்டாது. பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். ஒட்டினால் மட்டும் வெள்ளி இல்லை என்று உறுதி. அதிலும் ஒன்று சொல்லவேண்டும், 1947-ஆம் வருஷத்து ரூபாய், பின்பக்கம் புலி நிற்கும், அது நிக்கல். காந்தத்தில் ஒட்டும். அரசாங்கம் அடித்த அசல் காசுதான், வெள்ளிக்காசு என்று விற்றால்தான் பொய். ஐஸ் கட்டியை வைத்து உருகுகிறது பார் என்பான். செம்பின் மேல் வைத்தாலும்தான் உருகும். சுண்டிப் பார்த்தால் நல்ல வெள்ளி கொஞ்ச நேரம் நீளமாகப் பாடும். ஆனால் காசுமாலைக்காகக் காது பற்றவைத்து, பிறகு பிய்த்தெடுத்த அசல் காசும் மொத்தையாகத்தான் ஒலிக்கும். சத்தத்தை மட்டும் நம்பாதே.

தண்ணீரை நம்பலாம். நம் பத்தர் மாமா செய்து காட்டியது உனக்கு மறந்திருக்கும், நீ அப்போது கிரிக்கெட் மட்டையோடு வாசலிலேயே நின்றாய். கிராமில் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரைக்கும் காட்டுகிற சின்னத் தராசு ஒன்று வாங்கு, சமையலறைத் தராசு ஆகாது. முதலில் காசைத் தனியாக எடை போட்டு எழுதிக்கொள். அப்புறம் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்துத் தராசைப் பூஜ்யம் ஆக்கு. காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடு. தராசு ஒரு சின்ன எண் காட்டும். எடையை அந்த எண்ணால் வகுத்தால் பத்தும் கொஞ்சமும், 10.3 பக்கத்தில் வரவேண்டும். தேயாத அசல் ரூபாய்க்குத் தண்ணீரில் 1.13 காட்டும். அதே எடையில் ஜெர்மன் வெள்ளி என்றால் 1.36 போல வரும். இரண்டுக்கும் நடுவில் கால் கிராம்கூட வித்தியாசம் இல்லை, ஆனால் அது பொய் சொல்லாது. காசில் ஒட்டியிருக்கிற காற்றுக் குமிழை விரலால் தட்டிவிட மறக்காதே. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1940 முதல் 1945 வரைக்குமான ரூபாயில் பாதிதான் வெள்ளி, அதை வகுத்தால் ஒன்பதரைதான் வரும். அதைப் போலி என்று தூக்கிப் போட்டுவிடாதே. 1939 போட்ட ரூபாய் மட்டும் ரொம்ப அரிது. 1938-இன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கி விற்கிறவர்கள் உண்டு.

நகைக்கடையில் டச், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்று, பார்க்கிற மிஷினில் வைத்தாலும் சரிதான், ஆனால் அது மேல்தோலைத்தான் பார்க்கும். முலாம் கனமாக இருந்தால் அதுவும் ஏமாறும். ராமர் பட்டாபிஷேகம் ஒரு பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனி, 1818 என்று இன்னொரு பக்கம் போட்டு ஒன்று காட்டுவான், தொடாதே. கம்பெனி அப்படி ஒரு காசைப் புழக்கத்தில் விட்டதே கிடையாது. அரிசியை இழுக்கும் என்று யாராவது ஆரம்பித்தால் அங்கிருந்து ஓடிவந்துவிடு. புளி போட்டு மட்டும் விளக்காதே, பழைய நிறம் போனால் வாங்குகிறவன் விலையைக் குறைப்பான்.

ஒன்று வாங்கு, போதும். ஐம்பது வேண்டாம்.

இதெல்லாம் தராசு உள்ளவனுக்கு. என்னைப் போல வார்ப்பு வேலைக்காரனுக்குக் கண்ணும் நகமும் போதும். பட்டறைப் பக்கம் வாடா என்றால் புகை அடிக்கிறது என்பாய், வந்திருந்தால் உனக்கும் தெரிந்திருக்கும். அசல் காசு அச்சில் அடிவாங்கிய காசு. எழுத்து எழும்புகிற இடம் கத்தியால் வெட்டியது மாதிரி இருக்கும், எழுத்துக்கு நடுவில் இருக்கிற வெற்றிடம் வழவழவென்று கிடக்கும். வார்த்த காசு கொதித்து ஆறியது. எழுத்து முனையெல்லாம் சப்பிய கல்கண்டு மாதிரி மழுங்கியிருக்கும், வெற்றிடத்தில் ஊசிமுனைப் பொத்தல் இருக்கும். விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பார். அசலில் வரி ஒரே சீராக நகத்தைத் தட்டிக்கொண்டே போகும். வார்ப்பில் உலோகம் உள்ளே இறங்கிய வாய் ஒன்று இருந்தே தீரும். எவ்வளவு நன்றாக அரம் போட்டாலும் அந்த இடத்தில் வரி தடுமாறும். அப்புறம், வார்ப்பு ஆறும்போது சுருங்கும். அசலை வைத்து அச்செடுத்த காசு அசலைவிட ஒரு மயிரிழை சின்னதாகத்தான் வரும். எடை குறையக்கூடாது என்று தடிமனைக் கூட்டியிருப்பான். பத்துக் காசை அடுக்கி, பக்கத்தில் தெரிந்த அசல் பத்தை அடுக்கிப் பார்த்தால் போலி அடுக்கு உயர்ந்து நிற்கும்.

வார்த்திருப்பான் என்று யாரையோ சொல்கிற மாதிரி எழுதிவிட்டேன். வார்த்தவன் நான்.

2003. அந்த வருஷமும் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை. நீ பத்தாவது. வயல் காய்ந்தால் கல்யாணம் தள்ளிப்போகும், கல்யாணம் தள்ளிப்போனால் சீர் விளக்கு யார் வாங்குவார்கள்? பட்டறையில் ஆறு பேரை நிறுத்தினார்கள், அதில் நான் ஒருவன். வீட்டில் சொல்லவில்லை. கும்பகோணத்தில் வேறு பட்டறையில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னேன். காலையில் கேரியரைத் தூக்கிக்கொண்டு எட்டரை பஸ் ஏறுவேன், மகாமகக் குளத்துப் படியில் போய் உட்கார்ந்துகொள்வேன். மத்தியானம் அங்கேயே சாப்பிடுவேன், நான்கரை பஸ்ஸில் திரும்புவேன். நான்கு மாதம். ஒரு நாள் பையைத் திறந்தால் கேரியருக்குப் பக்கத்தில் பனையோலை விசிறி இருந்தது. உன் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் விசிறியைத் திரும்ப ஆணியில் மாட்டினேன். மறுநாளும் பையில் இருந்தது.

அப்போதுதான் பழைய பாத்திரம் வாங்கி விற்கிற ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம், போய்ச் சேர்ந்துவிட்டார். 1862 போட்ட விக்டோரியா ரூபாய் ஒன்றைக் கொடுத்து, இதே மாதிரி ஜெர்மன் வெள்ளியில் அறுபது வேண்டும், நாடகக்காரர்களுக்குக் காசுமாலை என்றார். அந்த 1862-ஐ மாற்றாமலே வெள்ளைக்காரன் பல வருஷம் அடித்தான், அதனால் ஊரெல்லாம் கிடைக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு நண்பனின் கொட்டகையில் ராத்திரியில் உலோகம் உருக்க மூசை வைத்தேன். அச்சுக்கு நல்ல வண்டல், அரசலாற்றுக் கரையிலிருந்து நானே சலித்துக் கொண்டுவந்தது. முதல் காசு வார்த்ததுமே அவர் தன் அசலைக் கையோடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதனால் வார்த்த அந்த முதல் காசையே கருவாக வைத்து மற்றதை எடுத்தேன். அந்த முதல் காசில் 6-இன் வயிற்றில் ஒரு மணல் விழுந்து கடுகளவு குழி விழுந்திருந்தது. கருவில் இருந்த குழி அறுபதிலும் வந்தது. மூன்று ராத்திரி வேலை, காசுக்கு இருபது ரூபாய் கூலி. கடைசியில் கொஞ்சம் பழசாக்கிக் கொடு என்றார். சாம்பலில் புரட்டித் துணிப்பையில் போட்டுக் குலுக்கிக் கொடுத்தேன். நாடகத்தில் போடுகிற காசுக்குப் பழைய நிறம் எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். உன் டியூஷன் பீஸ் அதிலிருந்துதான் கட்டினேன். அதற்காக உன்னைச் சொல்லவில்லை.

அதோடு போயிருந்தால்கூட என்னவோ. அடுத்த தை மாதம் நம் பால்காரம்மா முந்தானையில் விக்டோரியா ரூபாய் ஐந்தை முடிந்து கொண்டுவந்தாள். மகளுக்குக் காசுமாலை செய்ய ஒவ்வொன்றாய்ச் சேர்க்கிறாளாம். “நீங்க உலோகம் தெரிஞ்சவங்க, நல்ல காசுதானான்னு பாருங்கண்ணே” என்று திண்ணையில் கொட்டினாள். ஐந்தில் மூன்றில் குழி இருந்தது. நகத்தை வைத்துப் பார்த்தேன், என் அரம்தான். அம்மா உள்ளே உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். நான் “நல்ல காசுதான்” என்று சொன்னேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இருபது வருஷத்துக்கு மேல் யோசித்தாயிற்று. அவள் இன்னும் நமக்குத்தான் பால் ஊற்றுகிறாள். அளந்து ஊற்றிவிட்டு மேலே ஒரு கரண்டி சேர்த்து ஊற்றுவாள், வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள்.

இது அம்மாவுக்குத் தெரியாது. விசிறி விஷயம் தெரியும், காசு விஷயம் தெரியாது. படித்ததும் கிழித்துப் போடு.

எட்டரை பஸ் ஏறி எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டு வருவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான் சொல்ல வந்தேன். அந்த மாதிரி நாளில் யாராவது ஐம்பது, அறுபது என்று மொத்தமாகச் சொன்னால் நல்லதாகத்தான் படும். பின்கட்டு அறை காலியாகத்தான் இருக்கிறது. பங்குனியில் வெள்ளை அடித்தோம். மருமகளுக்கும் இங்கே வெயில் ஒன்றும் அவ்வளவு தெரியாது.

உன் படத்தைக் கண்ணாடி போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்பக்கம்தான் எடுத்திருக்கிறாய். 1, 8 தெரிகிறது, கடைசி 2 பாதி தெரிகிறது. 6 இருக்கிற இடத்தில் உன் கட்டைவிரல் இருக்கிறது. விரலை எடுத்துவிட்டு இன்னொரு படம் எடுத்து அனுப்பு. பகலில் எந்த நேரத்தில் அனுப்பினாலும் சரி, நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
அப்பா