ஆயுட்கால உரிமம் வாங்கிய குறிப்பேட்டு மென்பொருள் பதிப்பு 6-க்குப் பின் பூட்டப்பட்டது குறித்துப் புகார்

அனுப்புநர்
பதிப்பு 5 உரிமம் பெற்ற வாடிக்கையாளர்,
திருநெல்வேலி.

பெறுநர்
குறைதீர் அலுவலர்,
குறிப்பேட்டு மென்பொருள் பிரிவு.

பொருள்: பதிப்பு 5-இன் காலவரையற்ற உரிமத்தை மீட்டுத் தருதல், ஏற்றுமதி வசதியைத் திறத்தல், தமிழ்த் தேடலைச் சரிசெய்தல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

உங்கள் மென்பொருளின் பதிப்பு 5-ஐ முழுப் பணம் கட்டி வாங்கியிருக்கிறேன். 'ஒருமுறைக் கட்டணம், பதிப்பு 5-க்குக் காலவரையற்ற பயன்பாடு, 2 கணினிகள்' என்று ரசீதில் நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். இன்று அதே மென்பொருளில் ஒரு வரியைத் திருத்த முடியவில்லை. எழுதி வைத்ததை வெளியே எடுக்கவும் வழியில்லை. உதவி மையத்தின் பதில்கள் வெவ்வேறு கோளாறுகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால், ஒவ்வொன்றையும் பிரித்து எழுதுகிறேன். தொழில்நுட்பப் பிரிவில் ஒருவர் உட்கார்ந்து படிக்கட்டும். ஏற்கெனவே வந்த அதே அச்சுப் பதில் மறுபடியும் வேண்டாம்.

முதலில், பதிப்பு 6 வந்த விதம். பிழைத்திருத்தங்களுக்காகத்தான் தானியங்கிப் புதுப்பிப்பைத் திறந்து வைக்கிறோம். 5.8-லிருந்து 5.9-க்குப் போகும்போது வந்த அதே சன்னலில், அதே பொத்தானோடு 6.0-உம் வந்தது. 'புதிய பதிப்பு தயார், மீண்டும் தொடங்கவும்' என்பதைத் தவிர அதில் வேறு எழுத்தே கிடையாது. இது தனியாகப் பணம் கட்ட வேண்டிய பதிப்பு, தரவுத்தளம் புது வடிவத்துக்கு மாற்றப்படும், மாற்றினால் பழைய பதிப்பில் திறக்காது என்ற மூன்றில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. நிறுவி முடித்த பிறகே '14 நாள் சோதனைக் காலம்' என்ற பட்டை மேலே தெரிந்தது. 15-ஆம் நாள் எல்லாம் 'பார்க்க மட்டும்' என்றாகிவிட்டது.

'பழைய பதிப்பையே மறுபடி நிறுவிக்கொள்ளுங்கள்' என்று உதவி மையம் எழுதியது. அது நடக்காது. 5.9-ஐ நிறுவித் திறந்தால் 'இந்தத் தரவுத்தளம் புதிய பதிப்பில் உருவாக்கப்பட்டது' என்று சொல்லி மூடிக்கொள்கிறது. உங்கள் தரவுத்தளம் எஸ்கியூலைட் வகைக் கோப்பு. அதன் நகலை, அவ்வகைக் கோப்புகளைப் பார்க்க உதவும் டிபி பிரவுசர் ஃபார் எஸ்கியூலைட் நிரலில் திறந்து பார்த்தால் காரணம் தெரிகிறது. கோப்பின் வடிவம் எந்தப் பதிப்புக்குரியது என்று குறிக்கும் 'யூசர் வெர்ஷன்' எண் ஏறியிருக்கிறது. அந்த எண்ணை மட்டும் கையால் இறக்கினால் போதாது. பதிப்பு 5-இல் எச்டிஎம்எல் வடிவில் இருந்த குறிப்புகள் பதிப்பு 6-இல் ஜேசன் என்ற வேறு வடிவில் துண்டுகளாக வேறு அட்டவணையில் இருக்கின்றன. திரும்பிப் போக ஏற்றுமதி ஒன்றுதான் வழி. அந்த 'ஏற்றுமதி' மெனுவோ சோதனைக் காலம் முடிந்ததும் சாம்பல் நிறமாகிவிட்டது. குறிப்பைத் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, வேறிடத்தில் ஒட்டலாம். ஒவ்வொன்றாக! ஒட்டும்போது இணைத்த பிடிஎஃப்களும் குறிச்சொற்களும் கூட வருவதில்லை.

புது வசதிகளுக்குச் சந்தா கேளுங்கள், அதில் சண்டையில்லை. லாக்கர் வாடகையை வங்கி உயர்த்தலாம். வாடகையை ஒப்புக்கொள்ளாதவர் தன் நகையை எடுத்துக்கொண்டு போவதைத் தடுக்க முடியாது. குறிப்புகளை எழுதியது நான். எந்த உரிமமும் இல்லாத நிலையிலும் ஏற்றுமதி வேலை செய்தாக வேண்டும்.

அடுத்தது காப்புப்பிரதி. மேம்படுத்துமுன் பழைய தரவுத்தளத்தைத் தனியாக எடுத்து வைத்திருப்பதாகப் பதிப்பு 6 சொல்கிறது. நிரல்களின் தரவை விண்டோஸ் வைத்திருக்கும் ஆப்டேட்டா, ரோமிங் கோப்புறைக்குள் 'பேக்கப்' என்ற உறையில் அது இருக்கவும் செய்கிறது. ஆனால் அது குறைப்பிரதி. உங்கள் மென்பொருள் எஸ்கியூலைட்டை 'வால்' (WAL, மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் பதிந்து வைப்பது) முறையில் இயக்குகிறது. அம்முறையில் புதிதாக எழுதுவது நேரே முதன்மைக் கோப்புக்குள் போகாது. பெயரின் இறுதியில் 'வால்' என்று முடியும் பக்கத்துக் கோப்பில் சேர்ந்து, 1000 பக்கம் ஆனதும் முதன்மைக் கோப்புக்கு மாற்றப்படும். ஒரு பக்கம் 4096 பைட் என்றால் ஏறத்தாழ 4 எம்பி. வெறும் எழுத்தாகக் கணக்கிட்டால் அது பெரிய அளவு. நிரலை ஒழுங்காக மூடினால் மீதியும் முதன்மைக் கோப்புக்குப் போய், வால் கோப்பு நீங்கிவிடும். உங்கள் புதுப்பிப்பியோ நிரலை மூடச் சொல்லிக் காத்திருப்பதில்லை. டாஸ்க்பாரின் மூலையில் ஓடிக்கொண்டிருப்பதை வலுக்கட்டாயமாக நிறுத்திவிட்டு முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுக்கிறது. வால் கோப்பு காப்புக்குள் வருவதே இல்லை. அந்தப் பிரதியை 5.9-இல் திறந்தால் கடைசியாக எழுதிய குறிப்புகள் காணாமல் போயிருக்கின்றன. பதிப்பு 6-இல் அதே குறிப்புகள் அப்படியே உள்ளன. இரண்டின் திரைப்பிடிப்புகளையும் (ஸ்கிரீன்ஷாட்) இணைத்திருக்கிறேன். எஸ்கியூலைட்டில் இதற்கென்றே 'வேக்யூம் இன்டூ' கட்டளையும், ஓடும்போதே நகலெடுக்கும் பேக்கப் வசதியும் இருக்கின்றன. இரண்டில் ஒன்றைப் பயன்படுத்தியிருந்தால் இந்தக் குறை வந்திருக்காது.

இதற்கு உதவி மையம் கொடுத்த பதிலைத் தனியாகச் சொல்ல வேண்டும்: 'தரவுத்தளம் கெட்டுவிட்டது, ரோமிங் கோப்புறையை அழித்துவிட்டு மீண்டும் நிறுவுங்கள்'. கெடவில்லை. கோப்பு பழுதா என்று பார்க்கும் 'இன்டெக்ரிட்டி செக்' ஓட்டினால் 'ஓகே' என்றுதான் வருகிறது. உங்கள் மேகக் கணக்கில் சேராத ஒருவருக்கு அந்தக் கோப்புறைதான் ஒரே பிரதி. மேலே சொன்ன குறையுள்ள காப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது. விவரம் தெரியாத ஒருவர் இந்த யோசனையைக் கேட்டு நடந்தால் எல்லாமே போய்விடும். 'அழியுங்கள்' என்பதற்கு முன் 'நிரலை முழுவதும் மூடி, கோப்புறையை அப்படியே வேறு டிரைவுக்கு நகலெடுங்கள்' என்று ஒரு வரி சேர்க்க உங்களுக்கு எவ்வளவு நேரமாகும்?

மூன்றாவது, உரிமத்தை வேறு கணினிக்கு மாற்றுவது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய இயந்திரங்கள் விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வமாகத் தகுதி பெறுவதில்லை. பலரும் கணினியையோ மதர்போர்டையோ மாற்றுவார்கள் என்பது எந்த மென்பொருள் நிறுவனமும் முன்கூட்டியே கணித்திருக்க வேண்டிய விஷயம். உங்கள் நிரல் கணினியை அடையாளம் காண, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் கிரிப்டோகிராஃபி சாவியின் கீழ் இருக்கும் 'மெஷின்குயிட்' எண்ணை எடுத்துக்கொள்கிறது. விண்டோஸைப் புதிதாக நிறுவினால் அந்த எண் மாறும். ஆக, அதே மேசையில் இருக்கும் அதே கணினி உங்கள் சர்வருக்கு மூன்றாவது கணினி. பழைய நிறுவலுக்குள் போய் 'உரிமத்தை விடுவி' அழுத்தச் சொல்கிறீர்கள். வட்டே அழிக்கப்பட்ட பின் எங்கே போய் அழுத்துவது?

இதில் பிழைச்செய்தியும் தவறு. 'இணைய இணைப்பைச் சரிபாருங்கள்' என்கிறது திரை. அதை நம்பி ஃபயர்வாலை நிறுத்து, ஆன்டிவைரஸை நீக்கு, ரௌட்டரை அணைத்துப் போடு என்று உதவி மையம் வரிசையாகச் சொன்னது. நிரலின் பதிவுக் கோப்பைத் (லாக்) திறந்தால், சர்வர் 403 என்று பதில் சொல்லி, கணினி வரம்பு மீறியதாகக் காரணமும் தந்திருக்கிறது. 403 வந்தாலே இணைப்பு நன்றாக இருக்கிறது, சர்வர்தான் மறுக்கிறது என்று பொருள். கணினியின் தேதி தவறாக இருந்தால் சான்றிதழ்ப் பிழை வரும்; அது வேறு கதை, இங்கே தேதி சரி. 403-ஐத் திரையில் உள்ளபடி காட்டியிருந்தால் யாரும் பாதுகாப்பு மென்பொருளை நீக்கிவிட்டுத் திறந்த வாசலோடு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாகத் தேடல். மற்றதெல்லாம் பணத்தைச் சேர்ந்தது. இது சந்தா கட்டினாலும் தீராத கோளாறு.

பதிப்பு 5-இல் தேடல் மெதுவாக இருந்தது, ஆனால் சரியாக இருந்தது. பதிப்பு 6-இல் 'வரி' என்று தேடினால் 'வரும்', 'வரை', 'வருமானம்' எல்லாம் வந்து குவிகின்றன. 'பட்டா' என்று தேடினால் 'பட்டு', 'பட்டி', 'பட்டை' வருகின்றன. நில ஆவணக் குறிப்புகளை வைத்திருப்பவருக்கு இந்தத் தேடல் இருந்தும் ஒன்று, இல்லாமலும் ஒன்று. ஆங்கிலச் சொற்கள் மட்டும் ஒழுங்காகக் கிடைக்கின்றன. வெளியிடுமுன் தமிழில் ஒருவரும் தேடிப் பார்க்கவில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

காரணத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். தேடலுக்கு எஸ்கியூலைட்டின் முழு உரைத் தேடல் வசதியான எஃப்டிஎஸ்5-ஐ இப்போது பயன்படுத்துகிறீர்கள். அட்டவணையை உருவாக்கும் வரியில் சொல்பிரிப்பான் 'யூனிகோட்61' என்று மட்டும் இருக்கிறது. இயல்புநிலையில் அது யூனிகோடின் எழுத்து, எண், தனிப்பயன் வகைகளை மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். தமிழின் கால், கொம்பு, விசிறி, புள்ளி எல்லாம் யூனிகோடில் 'எம்' வகைக் குறிகள். அவை இடைவெளி போலக் கருதப்பட்டுச் சொல் அங்கங்கே உடைகிறது. 'பட்டா' உடைந்து 'பட', 'ட' என்று இரண்டு துண்டாகிறது. 'பட்டு', 'பட்டி', 'பட்டை' ஆகியவையும் அதே இரண்டு துண்டுகள்தான். 'வரி', 'வரை' இரண்டுமே வெறும் 'வர'. இந்தியிலும் மலையாளத்திலும் இதே கூத்துதான் நடக்கும்.

தீர்வு சிறியது. சொல்பிரிப்பானின் 'கேட்டகரீஸ்' விருப்பத்தில் இப்போதுள்ள மூன்று வகைகளோடு 'எம்' வகையையும் சேர்த்து அட்டவணையை மறுபடி உருவாக்கி, 'ரீபில்ட்' கட்டளை கொடுத்தால் போதும். சொல்லின் நடுவிலும் தேட வேண்டுமென்றால் எஸ்கியூலைட் 3.34 முதல் உரையை மும்மூன்று குறியீடுகளாக வெட்டும் 'ட்ரைகிராம்' இருக்கிறது; ஆனால் மூன்று குறியீட்டுக்குக் குறைவான சொல்லை அது தேடாது, ஆகவே 'பூ', 'தீ' போன்றவை அதில் கிடைக்கா. கூடவே, சேமிக்கும்போதும் தேடும்போதும் உரையை யூனிகோடின் என்எஃப்சி என்ற சீரான வடிவுக்கு மாற்றுங்கள். 'கொ'வின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடலுக்கு இரண்டும் வேறு. பிடிஎஃப்பிலிருந்து ஒட்டிய குறிப்பில் 'பொருள்' சில நேரம் கிடைக்காமல் போவது இதனால்தான்.

எனவே கேட்பது இவை. சந்தா இல்லாத எல்லோருக்கும் ஏற்றுமதியை உடனே திறந்துவிடுங்கள், இணைப்புகளும் குறிச்சொற்களும் சேர்ந்தே வரவேண்டும். அந்த ஏற்றுமதியைப் படிக்கத் தெரிந்த 5.9 நிறுவியைத் தாருங்கள். என் உரிமத்தில் ஒட்டியிருக்கும் பழைய கணினி எண்களை உங்கள் பக்கத்திலிருந்து நீக்குங்கள். இனி வாடிக்கையாளரே கணக்குப் பக்கத்தில் நீக்கிக்கொள்ள வழி செய்யுங்கள். கோப்புறையை அழிக்கச் சொல்லும் உதவிக் குறிப்பை இன்றே எடுத்துவிடுங்கள். தேடல் திருத்தம் எந்தப் பதிப்பில் வரும் என்று எழுத்தில் சொல்லுங்கள். இவற்றைச் செய்ய முடியாதென்றால் பதிப்பு 5-க்குக் கட்டிய தொகையைத் திருப்பித் தாருங்கள். அப்போதும் ஏற்றுமதி திறந்தே இருக்க வேண்டும்.

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020-இன்படி இந்தப் புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் குறைதீர் அலுவலர் தர வேண்டும். வேறொன்றை வாங்கினால்தான் ஏற்கெனவே வாங்கியதைப் பயன்படுத்த முடியும் என்ற நிலைக்குத் தள்ளுவது, 2023 நவம்பர் 30 அன்று வெளியான இருண்ட உத்திகள் (டார்க் பேட்டர்ன்ஸ், வாடிக்கையாளரை ஏமாற்றும் திரை வடிவமைப்புகள்) தடுப்பு வழிகாட்டுதல்களில் 'கட்டாயச் செயல்' என்ற தலைப்பின் கீழ் வரும் என்பது என் நிலைப்பாடு. ஒரு மாதத்தில் தீர்வு வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், அதன்பின் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவேன். புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது.

பதிலைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசித் தீர்ப்பதற்கு நான் தயாரில்லை.

இப்படிக்கு,
பதிப்பு 5 வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், 6.0 புதுப்பிப்புச் சன்னலின் திரைப்பிடிப்பு. காப்புப்பிரதியையும் நடப்புத் தரவுத்தளத்தையும் ஒப்பிடும் திரைப்பிடிப்புகள். 403 பதில் உள்ள பதிவுக் கோப்புப் பகுதி. 'வரி', 'பட்டா' தேடல் முடிவுகள். உதவி மையத்தின் மின்னஞ்சல்கள்.