ஓட்டை வைத்த இனிப்பு வடை

மாங்டன், நியூ பிரன்ஸ்விக்
பிப்ரவரி 16, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கு நான் நலம். மார்கழியில் நீங்கள் எழுதிய கடிதம் போன வியாழக்கிழமைதான் கைக்கு வந்தது. பழைய விலாசத்துக்குப் போயிருக்கிறது. கூட இருந்த தென்காசிப் பையன் அதை வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்து மறந்துபோய், இப்போதுதான் கொண்டுவந்து கொடுத்தான். வீடு மாறியதை உங்களுக்குச் சொல்லாமல் விட்டது என் தப்புதான். இந்த வீடு மாடியில் ஒரே அறை. கூட்டிப் பெருக்க ஐந்து நிமிடம் போதும், அதனால்தான் மாறினேன். புது விலாசம் உறையின் பின்பக்கம் இருக்கிறது, அம்மாவைக் காலண்டரில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

ஒன்றரை மாதமாகப் போனும் செய்யவில்லை. கோபம் எதுவும் இல்லை. போனில் நான் எவ்வளவு கத்தினாலும் அப்பா காதில் விழுவதில்லை. அம்மா 'சாப்பிட்டியா' என்று கேட்பாள், நான் 'ஆச்சு' என்பேன், அப்புறம் இரண்டு பேரும் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருப்போம். அதற்குக் கடிதமே தேவலை. ஆபீஸிலும் ஷிப்ட் மாறிவிட்டது. விடிகாலை நாலு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கெல்லாம் கண் செருகிவிடுகிறது. புது பூட்ஸ் வாங்கினேன், முனையில் இரும்பு வைத்தது. ஆபீஸுக்கு எதற்கு இரும்பு பூட்ஸ் என்று அம்மா கேட்பாள். இங்கே பனி அப்படி.

பனியைப் பற்றி எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நேற்று மைனஸ் 22. வெளியே வந்து நாலு மூச்சு இழுத்தால் மூக்குக்குள் இருக்கும் முடி விறைத்து ஊசி மாதிரி குத்துகிறது. ஊருக்குள் ஓடும் பெட்டிகோடியாக் ஆற்றின் ஓரமெல்லாம் பனிக்கட்டி. பனி இல்லாத காலத்தில் அந்த ஆற்றுத் தண்ணீர் நம் கடை டீ மாதிரியே கலங்கலாக இருக்கும். கடலில் ஓதம் ஏறும்போது ஒரு அலை கிளம்பி ஆற்றை எதிர்த்துக்கொண்டு மேலே வரும், தினமும் இரண்டு தடவை. நம் வைப்பாற்றில் தண்ணீரைப் பார்ப்பதே அதிசயம், இங்கே ஆறு திரும்பி ஓடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்குத்தான் இது முக்கியமாக.

கீழ்வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறாள், வயது எண்பத்து மூன்று. தனியாள். நான் குடிவந்த முதல் வாரம் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து நடமாடியதும் கீழேயிருந்து டொக் டொக்கென்று சத்தம். துடைப்பக் காம்பால் கூரையைக் குத்துகிறாள். மறுநாள் மன்னிப்புக் கேட்கக் கீழே போனேன். அவள் பேச்சு பாதி பிரெஞ்சு, பாதி இங்கிலீஷ். ஷியாக் என்பார்கள், இந்தப் பக்கத்து அக்காடியர்கள், அதாவது அந்தக் காலத்தில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் வம்சம், பேசுவது. நம் பஸ் கண்டக்டர் தமிழில் இங்கிலீஷைக் கலந்து பேசுவாரே, அதே கதைதான். ஏன் மூன்று மணிக்கு எழுகிறாய் என்று கேட்டாள். சொன்னேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். அப்புறம் அடுப்படிக்குப் போய்த் தட்டில் இரண்டு டோனட்டும் ஒரு குவளை கட்டன் டீயும் கொண்டுவந்து வைத்தாள். அன்றிலிருந்து துடைப்பம் குத்தினால் திட்டு என்று அர்த்தமில்லை, கீழே வா என்று அர்த்தம்.

1755-இல் இங்கிலீஷ்காரன் பாட்டியின் அக்காடிய ஆட்களைக் கப்பலில் ஏற்றி நாடு கடத்தினான். அதை ஏதோ போன வருஷம் நடந்த மாதிரி சொல்வாள். சொல்லி முடித்து, உன்னை யார் அனுப்பினார்கள் என்று என்னைக் கேட்பாள். யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன் என்றால் தலையை ஆட்டிக்கொள்வாள்.

டோனட் என்றால் சாத்தூர் பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியில் சாக்லேட் பூசி வைத்திருப்பதை நினைக்காதீர்கள். அது ஈஸ்ட் போட்டுப் பொங்க வைத்த பன் ஜாதி. இவள் செய்வது கேக் டோனட். ஈஸ்ட் கிடையாது, பேக்கிங் பவுடரும் கொஞ்சம் சமையல் சோடாவும்தான். மோரின் புளிப்பு சோடாவோடு சேர்ந்து மாவை உப்ப வைக்கும். மேலே லேசாக மொறுமொறுப்பு, உள்ளே பிய்த்தால் உதிரும். கடை டோனட்டைத் தலையணை என்பாள்.

போன ஞாயிறு என்னையே செய்ய வைத்தாள். மூன்றரை கப் மைதா, முக்கால் கப் சர்க்கரை, இரண்டு முட்டை, ஒரு கப்புக்குக் கொஞ்சம் குறைவாக மோர், உருக்கிய வெண்ணெய் மூன்று கரண்டி. அதோடு அவித்து மசித்த உருளைக்கிழங்கு ஒரு கப். இந்த மாகாணத்தில் உருளைக்கிழங்கு இல்லாமல் எதுவும் நடக்காது, கிழங்கு போட்டால் மறுநாளும் காயாமல் இருக்குமாம். நான் வேகமாகச் சட்டையை மடித்துவிட்டு, கடையில் நீங்கள் பரோட்டா மாவு அடிப்பீர்களே, அதே மாதிரி அறைந்து பிசைந்தேன். அவள் கரண்டியால் என் கையில் ஒரு போடு போட்டாள். இங்கத்து மாவுக்கு இழுவை அதிகம். பிசையப் பிசைய ரப்பர் ஆகிவிடும். மாவு ஒன்றாய்ச் சேர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும், பிசுபிசுவென்று இருந்தாலும் மேலும் மாவு தூவக் கூடாது. என் முதல் ஈடு சாப்பிடுவதற்கு ஆகவில்லை, கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்.

பிசைந்த மாவை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகும். அதிரச மாவைப் புளிக்க வைத்துக் காத்திருப்போமே, அந்தப் பொறுமை வேண்டும். அப்புறம் அரை அங்குல கனத்துக்குத் தேய்த்து, வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை. இந்த ஓட்டைக்கு ஒரு கதை இருக்கிறது. பக்கத்தில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலம். அந்த ஊர்க் கப்பல்காரர் ஹான்சன் கிரகரி என்பவர், 1847-இல் கப்பலில் இருந்தபோது, நடுப்பகுதி வேகாமல் பச்சை மாவாக இருப்பதைப் பார்த்து மிளகு டப்பா மூடியால் அந்த இடத்தையே வெட்டி எடுத்துவிட்டேன் என்று கிழவரான பிறகு சொன்னாராம். உளுந்த வடைக்கு முதல் ஓட்டை போட்டது யார் என்று நம் ஊரில் யாரும் உரிமை கொண்டாடவில்லை. காரணம் என்னவோ ஒன்றுதான்.

எண்ணெய் 190 டிகிரி இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. பாட்டியிடம் வெப்பமானி கிடையாது. மரக்கரண்டிக் காம்பை எண்ணெயில் விடுவாள், சுற்றிலும் பொடிக்குமிழி எழும்பினால் சரி. நீங்கள் ஒரு சொட்டு மாவைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பீர்கள், அது சட்டென்று மேலே வர வேண்டும். நானும் அப்படியே கிள்ளிப் போட்டேன். இதை எங்கே கற்றாய் என்றாள். எங்கள் அப்பா டீக்கடை வைத்திருக்கிறார், முப்பது வருஷமாக வடை போடுகிறார் என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதுவரை என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு ஈட்டுக்கு மூன்று நாலுதான். பேராசைப்பட்டு நிறையப் போட்டால் எண்ணெய் ஆறிப்போய், டோனட் எண்ணெயைக் குடித்துவிடும். 'சூடு குறைஞ்சா வடை உன் லாபத்தைக் குடிக்கும்லே' என்று என்னை எத்தனை தடவை வைதிருக்கிறீர்கள். முதலில் அடியில் போகும், மிதந்ததும் மேலே கீறல் விழும், ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக விட்டுப் புரட்டிவிட வேண்டும். வெட்டி எடுத்த நடுத்துண்டுகளையும் பொரித்துவிடுகிறார்கள். இங்கே மூலைக்கு மூலை இருக்கும் டிம் ஹார்டன்ஸ், 1964-இல் ஒரு ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் ஆரம்பித்தது, இந்த ஊர் டீக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் 1976-லிருந்து இந்த உருண்டைகளுக்குத் தனிப் பேர் வைத்து விற்கிறார்கள். வடைத்தூளைப் பொட்டலம் கட்டிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்ற உங்களுக்கு இது பிடிக்கும்.

எண்ணெய் பாட்டியுடையது, வெண்ணெயும்தான். நான் முட்டையும் சர்க்கரையும் வாங்கிக் கொடுத்தேன். மிச்சத்தை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள், நாலு நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆயிற்று. சோறு வடிக்க நேரமில்லாத நாளில் வசதி.

ஒன்றை எழுதவே மறந்துவிட்டேன். இல்லை, மறக்கவில்லை. மாவில் ஜாதிக்காய் போட வேண்டும். பொடி இல்லை, முழுக்காயைத் துருவ வேண்டும் என்று சொல்லிக் காயையும் துருவியையும் என் கையில் கொடுத்தாள். இரண்டு தேய்ப்புத்தான் தேய்த்தேன். நம் பின்கட்டுதான் வந்துவிட்டது. அப்பத்தா காலை நீட்டி உட்கார்ந்து, அந்தச் சின்னக் கல்லில் தாய்ப்பால் விட்டு, ஜாதிக்காயை ஒரு இழைப்பு, மாசிக்காயை ஒரு இழைப்பு, வசம்பை ஒரு இழைப்பு என்று உரைத்துத் தங்கச்சி வாயில் தடவுவாள். தங்கச்சி மூஞ்சியைச் சுளிப்பாள். எனக்கு அப்போது ஆறு வயசு, எனக்கும் கொடு என்று அழுவேன். கீழ்வீட்டுப் பாட்டி என்னவோ கேட்டாள். துருவி விரலில் பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன். அம்மா, அந்தக் கல்லில்தான் இப்போது தங்கச்சி பிள்ளை, என் மருமகனுக்கும் உரைத்துக் கொடுக்கிறாயா? அடுத்த கடிதத்தில் எழுதச் சொல்.

மொட்டைக்கும் காது குத்துக்கும் பங்குனி உத்திரத்தன்று குலசாமி கோவிலில் நாள் குறித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தாய்மாமன் மடி காலியாக இருக்கக் கூடாது, டிக்கெட் போட்டுவிடு என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்பா, லீவு கிடைக்காது. கேட்டுப் பார்த்தேன். சேர்ந்து மூன்று மாதம்தானே ஆகிறது, அதற்குள் எப்படி என்கிறார்கள். இந்தப் பிரிவில் சேர்ந்து என்று சொல்கிறேன். அதனால் பெரியப்பா மகன் அண்ணனையே மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நானே அவனிடம் பேசுகிறேன். ஆனால் சபையில் சீர்த் தட்டு வைக்கும்போது என் பேரைச் சொல்லித்தான் வைக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மாப்பிள்ளை வீட்டில் ஏதாவது சொன்னால் அம்மா வாயைத் திறக்க வேண்டாம், பெரியத்தை பார்த்துக்கொள்வாள். பெரியத்தைக்குப் போனில் சொன்னால் போதாது, நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழையுங்கள். வளைகாப்புக்கு நடந்தது ஞாபகம் இருக்கட்டும்.

கடுக்கனுக்கு அம்மா சங்கிலியை அடகு வைக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். டெய்லர் அண்ணாச்சி மகன் என் பைக்கைக் கேட்டான் அல்லவா, அவனுக்குக் கொடுத்துவிடுங்கள். நான் வந்து ஓட்டப்போவது எப்போதோ, சும்மா நின்று துருப்பிடிக்கிறது. இருபத்தைந்தாயிரத்துக்குக் குறையாதீர்கள், முன் டயர் புதுசு. அதில் கடுக்கனும் தங்கச்சிக்குச் சேலையும் மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டையும் எடுத்துவிடலாம். நான் மாதாமாதம் அனுப்பும் பணம் இந்தத் தடவை கொஞ்சம் தள்ளிப் போகும். பேங்கில் கணக்கு மாற்றுகிறேன், வேறொன்றுமில்லை.

சித்தப்பா வேலிக்கல்லை நகர்த்தியது பற்றி விசேஷம் முடிகிற வரைக்கும் பேசாதீர்கள். முடிந்ததும் சர்வேயருக்கு மனுப் போடுங்கள். பட்டா நகல் என் பழைய தகரப் பெட்டியில் நீலக் கவரில் இருக்கிறது, கல்லூரிச் சான்றிதழுக்கு அடியில். கடைக் கூரையில் உடைந்த சிமெண்ட் ஷீட் இரண்டையும் சித்திரை மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள். ஏணியில் நீங்கள் ஏறக் கூடாது, ஆள் வையுங்கள். காது மெஷின் பற்றி நான் கேட்டதற்குப் பதிலே எழுதவில்லை. டாக்டரிடம் போனீர்களா இல்லையா?

கீழ்வீட்டுப் பாட்டியிடம் மருமகனுக்கு மொட்டை போடுவதைச் சொல்லிவிட்டேன். பச்சைப் பிள்ளைக்கு மொட்டையா, தலை குளிருமே என்று பதறிப்போய்விட்டாள். பங்குனி வெயிலில் சாத்தூரில் தலை குளிராது என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நேற்றே சிவப்புக் கம்பளி நூலை எடுத்துக் குல்லா பின்ன ஆரம்பித்துவிட்டாள். தலை அளவு வேண்டும் என்று துடைப்பத்தால் குத்திக்கொண்டே இருக்கிறாள். தங்கச்சியிடம் சொல்லி, புருவத்துக்கு மேலே சுற்றி நூலால் அளந்து, அந்த நூலையே வெட்டிக் கடிதத்துக்குள் வைத்து அனுப்புங்கள். புது விலாசத்துக்கு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்