விடுமுறைக்குக் கடற்கரை தேடுவோர் முதலில் காற்றைக் கேட்கட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறை நெருங்கும் போதெல்லாம் பாலி, புக்கெட், மாலைதீவு என்று நீலக்கடல் படங்களுடன் சுற்றுலா விளம்பரங்கள் பத்திரிகைகளில் வரத் தொடங்கிவிடுகின்றன. விமானக் கட்டணமும் தங்குமிடத்தின் தரமும் அவற்றில் தவறாமல் இருக்கும். அந்தக் கடல் எந்த மாதத்தில் குளிக்கத் தக்கதாக இருக்கும் என்ற ஒரு வரியை மட்டும் நான் இதுவரை கண்டதில்லை. அந்த வரி இல்லாமையால் ஒருமுறை நட்டப்பட்டவன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கனடாவிலிருந்து என் தம்பியின் குடும்பமும் இலண்டனிலிருந்து தங்கையின் குடும்பமும் ஒகஸ்ட் மாதத்தில் வந்திருந்தார்கள். அங்குள்ள பிள்ளைகளுக்கும் இங்குள்ள பிள்ளைகளுக்கும் ஒன்றாக விடுமுறை கிடைத்தது அந்த மாதத்தில்தான். கடலும் வேண்டும், கோவிலும் வேண்டும், காடும் பறவையும் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்க, பயண முகவர் ஒருவர் இலங்கையின் தென்மேற்குக் கரையில் தங்குமிடம் ஏற்பாடு செய்து தந்தார். போய்ச் சேர்ந்த அன்றே கரையில் சிவப்புக் கொடி பறந்தது. நான்கு நாளும் பிள்ளைகள் நீச்சல் தடாகத்துக்குள்ளேயே கிடந்தார்கள். முகவரிடம் தொலைபேசியில் கேட்டபோது, கடல் என்றால் அப்படித்தான் ஐயா என்றார். அதே கிழமை எங்கள் முல்லைத்தீவுக் கடல் குளத்தைப் போலக் கிடந்தது என்று ஊரிலிருந்து செய்தி வந்ததைத்தான் இன்றும் மறக்க முடியவில்லை.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் வீசுகின்றது. தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று பெந்தோட்டை, ஹிக்கடுவைப் பக்கக் கரைகளில் நேராக மோதுவதால் அங்கே கடல் கொந்தளிக்கும். கிழக்குக் கரைக்கு அதே காற்று தரைப்பக்கமிருந்து வருவதால் நிலாவெளி, பாசிக்குடா, முல்லைத்தீவுக் கரைகள் அடங்கியிருக்கும். ஒக்டோபருக்குப் பின் பருவம் மாறி, வடகிழக்கிலிருந்து வீசும் வாடை தொடங்கியதும் எல்லாம் தலைகீழாகும். எங்கள் கரையில் கரைவலை இழுப்பவர்களைக் கேட்டால் இதை ஒரு மூச்சில் சொல்லிவிடுவார்கள். மேற்குக் கரையிலிருந்து கோடையில் நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் வந்து வாடி என்னும் தற்காலிகக் குடில்களை அமைக்கும் மீன்பிடித் தொழிலாளர்களும் இந்தக் கணக்கை வைத்துத்தான் வருகிறார்கள். அதனால் எழும் பிணக்குகள் வேறொரு கடிதத்துக்குரியவை.

கடல் கடந்து போவோருக்கும் இதே கணக்குத்தான். தாய்லாந்தின் புக்கெட் மேற்குக் கரையில் இருப்பதால் அங்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரையே நல்ல காலம். கிழக்குப் பக்கத்துச் சமூயித் தீவிலோ ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெருமழை. ஒரே நாட்டுக்குள் இரண்டு கரைகளுக்கு இரண்டு பஞ்சாங்கம். மாலைதீவில் ஒகஸ்ட் மழைக்காலத்தைச் சேர்ந்தது. பாலியில் அது வறண்ட, இதமான காலம். ஆனால் உலகமெல்லாம் அங்கே கூடும் மாதமும் அதுதான்.

பண்பாட்டையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்குக் கணக்கு இன்னும் சிக்கலாகும். மொறீசியஸ் தமிழர் தைப்பூசக் காவடி எடுப்பதைப் பார்க்க விரும்பினால் புயற்காலத்துக்கு நடுவே போக வேண்டும். பாலி இந்துக்களின் மௌன நாளாகிய நியேப்பி பெரும்பாலும் மார்ச்சில் வரும். அன்று விமான நிலையமே மூடப்படும். உல்லாசப் பயணிகளும் தங்குமிடத்தை விட்டு வெளியேறக் கூடாது. அந்த மௌனத்தை அனுபவிப்பதற்கென்றே போகிறவர்கள் உண்டு. அறியாமல் போய்க் கடற்கரைக்கு இறங்க முடியாமல் அறைக்குள் இருந்து புலம்புகிறவர்களும் உண்டு. எனவே கடல், பண்பாடு, இயற்கை மூன்றும் ஒரே மாதத்தில் உச்சத்தில் இருக்கும் இடத்தைத் தேடி அலைவதை விட, இந்த மாதத்தில் எதை விட்டுக்கொடுக்கலாம் என்று குடும்பமாக இருந்து முதலில் தீர்மானிப்பதே நல்லது.

எங்கள் வன்னியையே எடுத்துக்கொள்ளுங்கள். பூநாரைகளைப் பார்க்க வேண்டுமென்றால் மாரி முடியும் தறுவாயில், தை மாசி மாதங்களில் வரவேண்டும். மன்னார்ப் பக்கத்து வங்காலைச் சரணாலயம் 2010இல் உலக முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. குளங்கள் நிரம்பி, வயல்கள் பச்சையாக நிற்கும் அந்த நாட்களில் வன்னியை விட அழகான இடத்தை நான் பார்த்ததில்லை. ஊர்ப் பற்று என்று சொல்பவர்கள் சொல்லட்டும். ஆனால் கிழக்குக் கரையில் அப்போதும் கடல் அடங்கியிராது.

கடலும் பண்பாடும் கூடுவது வைகாசியில். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு முன்னதாகச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து வந்து, எங்கள் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலில் அந்த உப்புநீரிலே விளக்கெரிக்கும் வழமையை வெளிநாட்டிலே பிறந்த பிள்ளைகள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அதையொட்டிய நாட்களில் பாலைப்பழம் பழுத்துவிடும். பழத்தைத் தின்று உதடு ஒட்டிக்கொள்ள, பால் தீர்வதற்கு நல்லெண்ணெய் தேடி ஓடுவதும் விடுமுறையில் சேர்த்திதான். ஒகஸ்டில் மட்டுமே வர முடிந்தவர்களுக்கு 15ஆம் திகதி மடு மாதா திருவிழா இருக்கின்றது; பாடல்பெற்ற தலமாகிய திருக்கேதீச்சரம் எந்நாளும் இருக்கின்றது. கடல் நன்றாக இருக்கும். குளங்கள் வற்றி, வெயில் வாட்டும், பூநாரைகளைக் காண முடியாது. அதையும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

உள்ள குறைகளை மறைப்பதும் முகவரின் வேலையையே நாங்கள் செய்வதாகிவிடும். முல்லைத்தீவுக் கரையில் நல்ல தங்குமிடங்கள் குறைவு. அடங்கிய கடலிலும் நீரோட்டம் உண்டு. களப்புகளில் முதலை உண்டு. ஊராரைக் கேளாமல் இறங்கக் கூடாது. நந்திக்கடல் இறாலைச் சாப்பிடாமல் போகவும் கூடாது. மற்றொன்று, வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி முள்ளிவாய்க்கால் வரை நீளும் கரையை அழகிய கடற்கரை என்ற பட்டியலில் எவரும் சேர்க்க வேண்டாம். 2009இல் இறுதிப் போரின்போது அங்கே உறவுகளை இழந்தவர்கள் ஆண்டுதோறும் வைகாசியில் அந்த மணலில்தான் விளக்கேற்றுகிறார்கள். அங்கே போகலாம், போகவும் வேண்டும். நீச்சல் உடையோடு அல்ல.

சனம் வந்து குவிய வேண்டும் என்ற ஆசையும் எனக்கில்லை. தாய்லாந்தின் மாயா குடாவில் கூட்டம் மிகுந்து பவளப் பாறைகள் சிதைந்ததால் 2018இல் அதை மூடி, 2022இல்தான் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் திறந்தார்கள். எங்கள் கரையில் இப்போதே ஞாயிறு மாலைகளில் கிடக்கும் பிளாஸ்டிக் போத்தல்களையும் சாப்பாட்டுப் பெட்டிகளையும் பார்த்தால், கூட்டத்தை அழைப்பதற்கு முன் குப்பைத் தொட்டிகளை வைக்க வேண்டும் என்றே தோன்றுகின்றது.

தங்கள் நாளிதழிடம் நான் வேண்டுவது சிறிய காரியம். சுற்றுலா விளம்பரம் தருவோரிடம், குறிப்பிட்ட இடத்தில் எந்தெந்த மாதங்களில் கடல் கொந்தளிக்கும் என்பதை விளம்பரத்தின் அடியில் ஒரு வரியாகச் சேர்க்கும்படி கேளுங்கள். பிரதேச சபைகளும் முல்லைத்தீவு, நாயாறு கரைகளில் ஆழமும் நீரோட்டமும் குறித்த அறிவிப்புப் பலகைகளை மும்மொழிகளிலும் நாட்டட்டும். வரும் ஒகஸ்டில் தம்பி குடும்பம் மறுபடியும் வருகின்றது. இந்த முறை முகவரிடம் போகவில்லை. சிலாவத்தையில் கரைவலைச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருவரிடம் நாட்களைக் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
முள்ளியவளை.