உதட்டுக்கும் ஒருநாள் ஓய்வு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பின் வாசகர் பக்கத்தில், பள்ளி வாத்தியக் குழுக்களில் டிரம்பெட் வாசிக்கும் நம் பிள்ளைகளைப் பற்றி ஓர் அன்பர் எழுதியிருந்தார். நம் பிள்ளைகள் அந்தக் கருவியை எடுக்க வேண்டும் என்ற அவருடைய ஆசை என் ஆசையும்தான். ஆனால் மேல் சுரங்களைத் தினமும் ஒரு மணி நேரம் விடாமல் ஊத வேண்டும், உதடு வலிக்க வலிக்கத்தான் பலம் ஏறும் என்று அவர் சொல்லியிருப்பதைப் படித்த பிறகு இரண்டு இரவுகள் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. ஆகஸ்டு 31 தேசிய தின அணிவகுப்புக்கு இன்னும் ஐந்து வாரங்களே இருக்கின்றன. இந்த நேரத்தில் அந்த அறிவுரையை நம்பி எத்தனை பிள்ளைகள் ஊதிக்கொண்டிருப்பார்களோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவன். இங்கே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தேன். 1976 முதல் 21 ஆண்டுகள் சீருடை அணிந்த ஒரு வாத்தியக் குழுவில் டிரம்பெட் வாசித்தேன். ஓய்வு பெற்ற பிறகும் கருவியைக் கீழே வைக்கவில்லை.

மூன்று வாரங்களுக்கு முன் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் இரண்டாம் படிவ மாணவி ஒருத்தி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பள்ளியில் ‘பஞ்சராகம்’ எனப்படும் வாத்தியக் குழுவில் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. மேலுதடு வீங்கியிருந்தது. மவுத்பீஸ், அதாவது கருவியில் உதட்டை வைத்து ஊதும் பகுதி, பதிந்த வட்டம் சிவந்து, அரை மணி நேரம் ஆகியும் மறையவில்லை. “தாத்தா, மேல் ஸி வரவே மாட்டேன் என்கிறது. நேற்றுவரை ஏ வந்தது, இன்றைக்கு அதுவும் வரவில்லை” என்றாள். எத்தனை நாளாக ஊதுகிறாய் என்று கேட்டேன். தினமும் பள்ளி முடிந்து ஒரு மணி நேரம், வீட்டுக்கு வந்து இன்னும் அரை மணி நேரம், பன்னிரண்டு நாளாக என்றாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை. அவளுடைய உழைப்பில் ஒரு குறையும் இல்லை. சொல்லிக்கொடுத்த முறையில்தான் குறை.

மேல் ஸி என்பது என்ன என்பதைப் பெற்றோர் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பியானோவில் மேல் சுரத்துக்கும் கீழ்ச் சுரத்துக்கும் விரலுக்கு ஒரே வேலைதான். டிரம்பெட்டில் மூன்று வால்வுகளை அழுத்துவதோடு வேலை முடிந்துவிடாது. அதிர்வது உதடு. பி பிளாட் டிரம்பெட்டில், இசைத் தாளின் ஐந்து கோடுகளுக்குக் கீழே எழுதப்படும் நடு ஸியை ஊதும்போது உதடு நொடிக்கு ஏறத்தாழ 233 முறை அதிர்கிறது. கோடுகளுக்கு மேலே இரண்டு துணைக்கோடுகள் போட்டு எழுதும் மேல் ஸிக்கு அதே உதடு நொடிக்கு 932 முறை அதிர வேண்டும். சரியாக நான்கு மடங்கு! இத்தனையும் 16 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான ஒரு சின்ன வட்டத்துக்குள் அடங்கும் சதையில் நடக்கிறது. வாயைச் சுற்றி வளையமாக ஓடும் தசையும் வாயின் இரு ஓரங்களும் இறுக்கிப் பிடித்தால்தான் அந்தச் சதை அப்படி அதிரும். அந்தத் தசை களைத்துவிட்டால் பிள்ளை என்ன செய்வாள்? கருவியைக் கையால் இழுத்து உதட்டில் அழுத்துவாள். அழுத்தினால் சுரம் வருவதுபோல் இருக்கும். பற்களுக்கும் உலோகத்துக்கும் நடுவில் உதடு நசுங்கும், இரத்த ஓட்டம் தடைபடும், களைப்பு இன்னும் வேகமாக ஏறும். மறுநாளும் அதே உதட்டில் அதையே செய்தால் எங்கிருந்து வரும் பலம்?

இதை அந்தப் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு என் அப்பாவின் வேலைதான் துணைக்கு வந்தது. அப்பா பால்மரம் சீவியவர். விடியும் முன்பே பெரட்டுக்கு (தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு) எழுந்து போவார். காட்டில் அவருக்கு இரண்டு பகுதிகள் உண்டு. இன்றைக்கு ஒரு பகுதி, நாளைக்கு மறு பகுதி. மரத்தின் பாதிச் சுற்றளவுக்குச் சாய்வாக ஒரு கோடு, அதையும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சீவுவார்கள். தோட்டம் தோட்டமாக நடந்த முறை அது. ஒரே மரத்தை நாள்தோறும் சீவினால் முதலில் பால் நீர்த்துப் போகும், பிறகு வெட்டுப்பட்டை காய்ந்து பால் நின்றே போகும். ஆசைப்பட்டுக் கத்தியை ஆழமாக இறக்கினால் பட்டைக்கு அடியில் இருக்கும் வளரும் பகுதி காயப்பட்டு, மரம் முண்டும் முடிச்சுமாகிவிடும். அதற்குப் பிறகு அந்த இடத்தில் கத்தி வைக்க முடியாது. பக்கத்துக் கோல கங்சாரில் 1877ஆம் ஆண்டு நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. அந்தக் காலம் தொடங்கி இந்த வட்டாரத்தில் மரத்தோடு வாழ்ந்தவர்கள் நாம். பால் கொடுக்கும் மரத்துக்கு நாம் கொடுத்த ஒருநாள் ஓய்வைப் பதினான்கு வயதுப் பிள்ளையின் உதட்டுக்குக் கொடுக்கக் கூடாதா?

நானும் இந்தத் தவறைச் செய்து பட்டவன். 1979இல் எனக்கு 22 வயது. ஓர் அணிவகுப்புக்காக, குழுவில் என்னைவிட மூத்த ஒருவர் சொன்னபடி, மாலை தோறும் ஒரு மணி நேரம் மேல் சுரங்களை மட்டும் ஊதினேன். 19 நாள்கள் ஊதினேன். இருபதாம் நாள் காலையில் கருவியை எடுத்தால், கீழிருந்து இரண்டாம் கோட்டில் எழுதும் நடு ஜிகூட வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. ஆறு வாரங்கள் மவுத்பீஸைத் தொடவில்லை. அணிவகுப்பு அன்று சக கலைஞர்கள் வாசிக்க, நான் பின்னால் நின்று நோட்டுத் தாள்களைச் சுமந்தேன். அந்த நாளை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

பெரிய கலைஞர்களையும் இது விட்டதில்லை. அமெரிக்க ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கை அறியாத டிரம்பெட் கலைஞர் இருக்க முடியாது. மேடைக்கு மேடை மேல் ஸிக்களை அடுக்கி ஊதிய அவருக்கு 1930களில் உதடு பிளந்து, மாதக்கணக்கில் ஒதுங்கி இருக்க நேர்ந்தது. வாயைச் சுற்றியுள்ள அந்தத் தசை கிழிவதை மருத்துவர்கள் இன்று அவருடைய செல்லப் பெயராலேயே ‘சாச்மோ’ நோய்க்குறி என்று அழைக்கிறார்கள். இதற்கு நேர்மாறான வழியில் போனவர் ஹெர்பர்ட் கிளார்க். அமெரிக்காவின் சூசா வாத்தியக் குழுவில், டிரம்பெட்டைப் போன்ற கார்னெட் என்ற கருவியை வாசித்துப் புகழ்பெற்ற அவர் 1912இல் வெளியிட்ட பயிற்சி நூலை இன்றும் டிரம்பெட் மாணவர்கள் புரட்டுகிறார்கள். அவர் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: மெல்லிய ஓசையில் ஊது, உதட்டை வருத்தாதே. நான் அந்த நூலைத் தொட்டதே உதடு கெட்ட பிறகுதான்.

அப்படியானால் மேல் சுரங்களை எத்தனை நாளுக்கு ஒருமுறை பழகலாம்? வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதே என் அனுபவத்தில் நான் கண்ட பதில். அந்த மூன்று நாளிலும் பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து நிமிடம். அதற்கு மேல் வேண்டவே வேண்டாம்.

அந்தப் பத்து நிமிடத்தை எங்கே வைக்கிறோம் என்பது, எத்தனை நாள் என்பதைவிடப் பெரிய விஷயம். எடுத்தவுடன் மேலே ஏறக் கூடாது. முதலில் கால் மணி நேரம் நடு ஜியைச் சுற்றி நீண்ட சுரங்கள், மெல்லிய ஓசையில். பிறகு வால்வு எதையும் மாற்றாமல் உதட்டாலேயே ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் பயிற்சி. உதடு இளகிய பிறகுதான் கோடுகளின் உச்சியில் உட்காரும் ஜியைத் தொட வேண்டும். அங்கிருந்து அரைச் சுரம் அரைச் சுரமாக, சத்தமில்லாமல் ஏற வேண்டும். ஒருமுறை ஊத எவ்வளவு நேரம் ஆனதோ அவ்வளவு நேரம் கருவியை மடியில் வைத்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கு மிகவும் கடினமானது இதுதான், சும்மா இருப்பது. பக்கத்தில் யாராவது உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் நல்லது. சுரம் முதன்முறை உடையும்போதே அன்றைய மேல் பயிற்சி முடிந்தது. இன்னொரு முறை முயன்று பார்க்கிறேன் என்பதில்தான் உதடு கெடுகிறது. முடிக்கும்போது கீழ்ச் சுரங்களை நிதானமாக ஊதி உதட்டைத் தளர்த்தி விட வேண்டும். நாதஸ்வரக் கலைஞர்கள் விடியற்காலையில் மந்தர ஸ்தாயியில், அதாவது கீழ்ச் சுரங்களில், நின்று சாதகம் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

நடுவில் வரும் நாள்களில் கருவியை மூடி வைக்கச் சொல்லவில்லை. நீண்ட சுரங்கள், நாக்குப் பயிற்சி, விரல் பயிற்சி, படிக்க வேண்டிய பாட்டு எல்லாம் இருக்கின்றன. மேலே மட்டும் ஏறாமல் இருந்தால் போதும். மறுநாள் காலையில் நடு ஜியை மிக மெல்லிய ஓசையில் ஊதிப் பாருங்கள். சுரம் உடனே ஒலித்தால் உதடு தேறிவிட்டது என்று பொருள். காற்று முந்திக்கொண்டு சுரம் பின்னால் வந்தால், அன்று அட்டவணையில் மேல் சுரம் இருந்தாலும் தள்ளிப் போட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கருவியின் மேல் பக்கத்தில் வலது கைச் சுண்டு விரலுக்கு ஒரு கொக்கி இருக்கிறது. ஒரு கையால் கருவியைப் பிடித்துக்கொண்டு தாளைப் புரட்ட அது உதவும். பிள்ளைகள் எப்போதும் அதில் விரலை மாட்டிக்கொண்டு, மேல் சுரம் வரும்போது தங்களை அறியாமலே கருவியை உதட்டை நோக்கி இழுக்கிறார்கள். விரலைக் கொக்கிக்கு மேலே சும்மா வைக்கச் சொல்லுங்கள். அந்த மாணவிக்கு நான் முதல் நாள் சொன்ன திருத்தம் இது ஒன்றுதான்.

தொழில்முறைக் கலைஞர்கள் தினமும் மேல் சுரம் ஊதுகிறார்களே என்று அந்த அன்பர் கேட்கக்கூடும். ஊதுகிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டு உழைப்பில் உருவான உதடு அவர்களுடையது. அவர்களும் கச்சேரியில் கடுமையாக ஊதிய மறுநாள் இலேசாகத்தான் தொடுவார்கள். மேலே போய் ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு இறங்குவது வேறு, அங்கேயே நின்று உதட்டை வேலை வாங்குவது வேறு. மூன்று, நான்கு ஆண்டுகள் ஒழுங்காகப் பழகிய மாணவன் தினமும் இரண்டு நிமிடம் தொட்டுவிட்டு இறங்கட்டும், நான் தடுக்க மாட்டேன். முதல் இரண்டு ஆண்டுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு மேல் ஸியே தேவையில்லை. உச்சி ஜி சுத்தமாக, அழுத்தாமல் வந்தால் அணிவகுப்பில் பெரும்பாலான பாட்டுகளை மனநிறைவோடு வாசிக்கலாம். வாசிக்க வேண்டிய பகுதி அதற்கு மேலே எழுதப்பட்டிருந்தால், அதை மூத்த மாணவரிடம் கொடுப்பதோ கீழே மாற்றி எழுதிக் கொடுப்பதோ பயிற்றுநரின் பொறுப்பு. பற்களுக்குக் கம்பி கட்டியிருக்கும் பிள்ளைகளிடம் இன்னும் கவனம் வேண்டும். அழுத்தினால் உள்ளுதடு கிழியும்.

அணிவகுப்புக்கு முந்தைய இரண்டு நாள்களில் மேல் சுரப் பயிற்சியை அறவே நிறுத்திவிடுங்கள் என்று வாத்தியக் குழுப் பொறுப்பாசிரியர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்து வாரங்களில் வராத சுரம் கடைசி இரண்டு நாளில் வரப்போவதில்லை. வந்த சுரமும் போய்விடும்.

அந்த மாணவி பத்து நாள் கருவியைத் தொடவில்லை. பிறகு என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நடு ஜியிலிருந்து தொடங்கினாள். நேற்று உச்சி ஜியைத் தொட்டாள். தன் மூச்சின் ஓசையே கேட்கும் அளவுக்கு மெல்லிதாக, எட்டு எண்ணிக்கை நிறுத்தினாள். கருவியை இறக்கியபோது உதட்டில் இருந்த வட்டம் ஐந்து நிமிடத்தில் மறைந்துவிட்டது. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இதே தொல்லையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கக் காத்திருக்கிறேன், கட்டணம் எதுவும் வேண்டாம். சனிக்கிழமை காலைகளில் வீட்டில்தான் இருப்பேன். முதல் நாளுக்கு மவுத்பீஸ் மட்டும் கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிரம்பெட் கலைஞர்,
சுங்கை சிப்புட், பேராக்