ஷெரிரா எழுதியது போல் ஒரு பதில்

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு.

யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவைப் பற்றி நீ ஜெருசலேமிலிருந்து அனுப்பிய புத்தகத்தைப் படித்து முடித்தேன். அந்த யூத அறிஞர்கள், வாய்வழி வந்த போதனையை எழுதி வைக்கக் கூடாது என்று கட்டுப்பாடாக இருந்தவர்கள். மனப்பாடமாக ஒப்பிப்பதற்கென்றே ஆட்களை வைத்திருந்தவர்கள். அவர்களையும் காலம் மாற்றிவிட்டதே! கி.பி. 70-இல் ரோமர்கள் ஜெருசலேம் ஆலயத்தை எரித்தார்கள். 132 முதல் 135 வரை நடந்த யூதர்களின் கிளர்ச்சியை நசுக்கினார்கள். தப்பிய அறிஞர்கள் வடக்கே கலிலேயாவில் கூடினார்கள். ஓர் ஆசிரியர் செத்தால் அவர் நெஞ்சில் இருந்த பாடமும் சேர்ந்து போகும் என்ற நிலை. சுமார் 200-இல் ரபி யூதா என்ற ஆசிரியர் அனைத்தையும் ஆறு பிரிவுகளாகத் தொகுத்தார்; அதுதான் மிஷ்னா. அவரே ஏட்டில் எழுதினாரா, வாய்ப்பாடமாகவே வரையறுத்தாரா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை என்று நீதான் சொன்னாய். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் நம் குடும்பத்தில் நீ ஒருத்திதான், பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

எடுபடாத கருத்தையும் அவர் விட்டுவிடவில்லை. ஹில்லேல், ஷம்மாய் என்று இரண்டு பழைய ஆசிரியர்கள்; ஹில்லேல் வழியினர் சொன்னதும் ஷம்மாய் வழியினர் சொன்னதும் அருகருகே நிற்கின்றன. திருமண விதிகளிலேயே இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. இவர்கள் ஆகாது என்ற சம்பந்தத்தை அவர்கள் ஆகும் என்றார்கள். ஆனாலும் ஒருவர் வீட்டில் மற்றவர் பெண் எடுப்பதை நிறுத்தவில்லை என்று மிஷ்னாவே சொல்கிறது. அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அபிப்பிராய பேதம் எந்த வீட்டில்தான் இல்லை, பாப்பா? நேரத்துக்குத் தூங்கு. வேளைக்குச் சாப்பிடு.

இதெல்லாம் எப்படி எழுதப்பட்டது என்று வட ஆப்பிரிக்காவின் கைரவான் ஊரார் கேட்டதற்கு, 987-இல் ஈராக்கிலிருந்து ஷெரிரா காவோன் பதில் எழுதினார். காவோன் என்றால் யூதக் கல்விக்கூடத்தின் தலைவர். யாரிடம் யார் கற்றார் என்று தலைமுறை தலைமுறையாக, ஒரு புத்தகம் அளவுக்கு. எங்கோ தூர தேசத்தில் இருந்தவர்களுக்கு அத்தனை பொறுமையாக எழுதியிருக்கிறார். பெற்றவனுக்கு நீ அனுப்புவது 'நலம் அப்பா' மட்டும்.

மாப்பிள்ளையின் குரலைக் கேட்டும் நாளாயிற்று. வேலை அதிகம் என்கிறாய், இருக்கும். அவருக்குப் பிடிக்கும் என்று அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள். எதிர்வீட்டுப் பையன் அடுத்த மாதம் அங்கே வருகிறான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே முகவரிக்குக் கொடுத்தனுப்பலாமா என்று எழுது.

அன்புடன்,
அப்பா