முதல் விண்மீன்களின் வெடிப்பை நேரில் கண்டோமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மிகத் தொலைவிலுள்ள சூப்பர்நோவா (விண்மீன் வெடிப்பு) ஒன்றை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பதிவு செய்யும்போதெல்லாம், பிரபஞ்சத்தின் முதல் விண்மீன்கள் வெடித்ததையே கண்டுவிட்டோம் என்று பொருள்படும் தலைப்புகள் வெளியாகின்றன. உண்மையில் அத்தகைய வெடிப்பு எதுவும் இதுவரை நேரடியாகக் காணப்பட்டு உறுதி செய்யப்படவில்லை.

2025 மார்ச் 14 அன்று ஸ்வோம் செயற்கைக்கோள் கண்டறிந்த காமாக்கதிர் வெடிப்பையே, அதாவது பெரிய விண்மீன் அழியும்போது பீறிடும் உயர் ஆற்றல் கதிர்வீச்சையே, எடுத்துக்கொள்வோம். பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 73 கோடி ஆண்டுகளாக இருந்தபோது நிகழ்ந்த அவ்வெடிப்பின் சூப்பர்நோவா ஒளியைச் சில மாதங்கள் கழித்து வெப் பதிவு செய்தது பெருஞ்சாதனைதான். ஆனால், அந்த ஒளி நமக்கு அருகிலுள்ள சூப்பர்நோவாக்களின் ஒளியைப் பெரிதும் ஒத்திருந்தது. முதல் விண்மீன்களோ அதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்னரே தோன்றத் தொடங்கிவிட்டன என்பதே வானியலாளர்களின் கணிப்பு.

ஹைட்ரஜனும் ஹீலியமும் மட்டுமே நிறைந்திருந்த அக்காலத்தில் வாயுவைக் குளிரச் செய்யக் கார்பனோ ஆக்சிஜனோ இல்லாததால், வெப்பமான அந்த வாயு பெருந்திரளாகச் சேர்ந்த பின்னரே சுருங்கி, சூரியனைப்போல் பத்து மடங்கு முதல் சில நூறு மடங்கு வரை நிறைகொண்ட விண்மீன்கள் உருவாகியிருக்கும். அவற்றுள் 140 முதல் 260 மடங்கு வரை நிறை கொண்டவற்றின் மையத்தில், காமாக்கதிர்கள் எலக்ட்ரான், அதன் எதிர்த்துகளான பாசிட்ரான் ஆகிய இணைகளாக மாறுவதால் விண்மீனைத் தாங்கிநிற்கும் அழுத்தம் குறைந்து, மையம் சுருங்கி, விண்மீனுக்குள்ளேயே உருவான ஆக்சிஜன் அணுக்கரு இணைவில் ஒரேயடியாக எரிந்து, கருந்துளைகூட மிஞ்சாமல் விண்மீன் முழுவதும் சிதறிவிடும் என்பது 1960களிலேயே கணித்துச் சொல்லப்பட்டது.

முதல் விண்மீன்கள் வெடித்துச் சிதறிய பொருளிலிருந்து அடுத்த தலைமுறை விண்மீன்கள் உருவாகியிருக்கும் என்பதால், அவ்வெடிப்புகளின் தடயங்களை நம் பால்வழி மண்டலத்தின் பழம்பெரும் விண்மீன்களில் ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை, தொலைதூரக் காட்சிகளைவிட வியப்பூட்டும் பணி இதுவே. ஆஸ்திரேலியாவின் ஸ்கைமேப்பர் தொலைநோக்கியின் உதவியால் கண்டறியப்பட்டு 2014இல் அறிவிக்கப்பட்ட ஒரு விண்மீனின் நிறமாலையில் (நிறம் நிறமாகப் பிரிக்கப்பட்ட ஒளியில்) இரும்பின் அடையாளமே தென்படவில்லை; அதில் இரும்பு இருந்தாலும், அது சூரியனில் உள்ளதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. சூரியனைப்போல் ஏறத்தாழ 60 மடங்கு நிறைகொண்ட ஒரே ஒரு முதல் தலைமுறை விண்மீன் வலுக்குறைந்து வெடித்தபோது, இரும்பு கருந்துளைக்குள் விழ, கார்பன் முதலிய இலேசான தனிமங்கள் மட்டும் வெளியேறின என்று ஆய்வாளர்கள் விளக்கினர். முற்றாகச் சிதறும் வெடிப்புக்குத் தடயம் கிடைத்ததாக 2023இல் சீனாவின் லாமோஸ்ட் தொலைநோக்கி கண்டறிந்த ஒரு விண்மீனைக் குறித்துச் சொல்லப்பட்ட கருத்தோ, அடுத்த ஆண்டே வெளிவந்த நுட்பமான அளவீடுகளால் கேள்விக்குள்ளாகிவிட்டது.

ஆகவே, இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, வெடிப்பு நிகழ்ந்த காலத்தில் பிரபஞ்சத்தின் வயது என்ன, நேரில் கண்டது எது, கணித்துச் சொல்வது எது என்பவற்றைத் தனித்தனியே குறிப்பிடுமாறும், பழைய விண்மீன்களை ஆராயும் பணியைப் பற்றி மாணவர்களுக்காக விரிவான கட்டுரை ஒன்றை வெளியிடுமாறும் தங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வானியல் ஆர்வமுள்ள வாசகர்